அக்காவின் சாணிக்குழியும் அம்மன் எலுமிச்சம்பழமும்

அக்காவின் அடுப்பை அணைத்தது அம்மன் அல்ல. நம் தோட்டத்து மாரியம்மன் கோயில் பரிபாலன சபைத் தலைவரே, அணைத்தது நீங்கள். தவறு என்று தெரிந்த பிறகும், அக்கா உயிரோடு இருந்த மூன்று வருடமும் வாய் திறக்காமல் இருந்ததும் நீங்கள்தான்.

நினைவு மலரில் இப்படியெல்லாம் எழுதக்கூடாது என்று உறவினர்கள் சிலர் சொன்னார்கள். பிறந்தார், வளர்ந்தார், நல்லவர், போய்விட்டார் என்று எழுதி மேலே ஒரு விளக்குப் படம் போட்டால் போதும் என்றார்கள். அக்காவின் மகள் மட்டும், "நடந்தத நடந்த மாதிரி எழுதுங்க மாமா. அம்மாவுக்கு அதுதான் மரியாதை" என்றாள். அவள் பேச்சைக் கேட்டு எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது கொஸ்லந்தைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவு லயத்தில், ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாக இருக்கும் தொழிலாளர் வீடுகளில் ஒன்றில். எங்கள் வீட்டில் அவர் மூத்தவர், நான் கடைசி. இடையில் பதினொரு வயது. அம்மா கொழுந்து எடுக்கப் போவார், அப்பா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டப் போவார். என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டுபோய்ப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு, அக்கா பள்ளிக்கூடம் ஓடுவார். தாய்மார் வேலை முடிந்து வரும்வரை குழந்தைகளை வைத்துப் பார்க்கும் அந்த அறையின் வாசற்படியில் நான் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்ததும், பள்ளிக்கூடம் விட்டதும் மேட்டில் அக்காவின் வெள்ளைச் சட்டை தெரிந்ததும்தான் என் முதல் ஞாபகம்.

எட்டாம் வகுப்போடு அவர் படிப்பு நின்றது. அம்மாவின் கண் புகையில் கெட்டுப்போனது. எங்கள் வீட்டுச் சமையல் மூலைக்குச் சன்னல் கிடையாது. மழைக்காலத்தில் ஈர விறகுதான் எரிக்கக் கிடைக்கும். அம்மா அடுப்பைக் கிட்டத்தட்டத் தடவித்தான் சமைத்தார். அதனால் அடுப்பு அக்காவின் கைக்கு வந்தது. தலையைத் தரையோடு தாழ்த்தி, புகைக்கு அடியில் இருக்கும் கொஞ்சம் நல்ல காற்றில் மூச்சை வைத்துக்கொண்டு ஊதுவார். நிமிரும்போது கண் இரண்டும் சிவந்திருக்கும். ஆனாலும் ரொட்டி வட்டமாகத்தான் இருக்கும். கோணலாக வந்தால் அதை அவர் எடுத்துக்கொள்வார்.

என் சட்டையிலும் அந்தப் புகை வாடைதான். டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது பையன்கள் எனக்கு வைத்த பெயர் 'கருவாடு'. அழுதுகொண்டு வந்து சொன்னேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

"கருவாடு என்னா வெல விக்கிது தெரியுமான்னு அவனுககிட்ட கேளுடா தம்பி. நாம ஒசந்த சாதிக் கருவாடு."

அடுத்த நாள் என் சட்டையைத் துவைத்து, லயத்துக்கு வெளியே, புகை எட்டாத கொய்யாமரக் கிளையில் காயப் போட்டார். நான் பள்ளிக்கூடம் முடிக்கும்வரை தினமும் அந்த மரத்தில்தான் என் சட்டை காய்ந்தது.

பதுளைக்கு மேலே உள்ள இந்தத் தோட்டத்துக்கு அக்கா கல்யாணமாகி வந்தார். மச்சான் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். சாதுவான மனிதர். எனக்கு வேலை தேட வசதியாக இருக்கும் என்று என்னையும் கூட்டிவந்து தங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். மகளுக்கு நான்கு வயதானபோது மச்சான் காய்ச்சலில் இறந்தார். காரியம் முடிந்த மறுநாள் காலை, வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் அக்கா மற்றவர்களோடு வரிசையில் நின்றார். அவர் அழுததை நான் பார்க்கவில்லை. அதற்காக அழவில்லை என்று சொல்லமாட்டேன்.

பிறகு ஒரு கன்றுக்குட்டி வாங்கினார். அது மூன்று மாடானது. மாடு பெருகச் சாணியும் பெருகியது. லயத்துக்குப் பின்னால் சாணிமேடு உயர்ந்து, ஈ மொய்த்து, பக்கத்து வீட்டாரோடு தினமும் சண்டை. அந்தச் சண்டை தீர வழி வெலிமடையில் கிடைத்தது.

அதற்குள் நான் ஓட்டோ ஓட்டத் தொடங்கியிருந்தேன்; மாட்டுக்குக் கரட் தழை வாங்க அதில்தான் போனோம். அங்கே காய்கறித் தோட்டக்காரரின் மனைவி, சிங்களப் பெண், பிளேன்டீ போட்டுக் கொடுத்தார். சிலிண்டர் இல்லாத அடுப்பில் நீலமாக எரிந்தது. அக்கா மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். "கேஸ் எங்கங்க?" என்று கேட்டார். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் பாதிதான் தெரியும். கொட்டிலைக் கைகாட்டி, "மாடு கேஸ் அக்கா, மாடு கேஸ்!" என்றார். திரும்பி வரும் வழி முழுக்க அக்கா அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு நின்றபோது, "டேய், நம்ம வீட்டுக்குப் பின்னால எத்தன அடி தோண்டலாம்?" என்று கேட்டார்.

தோண்டியது நான். செங்கல் வைத்துக் கூரையைக் கவிழ்த்த சட்டிபோல் மூடியது தோட்டத்து மேசன். சாணியும் தண்ணீரும் சரிபாதி கரைத்து ஊற்றி, மூடி, காத்திருந்தோம். குழாயில் காற்று வந்த அன்று லயமே கூடிவிட்டது. தீக்குச்சி கிழித்தால் பற்றவில்லை. இன்னொன்று கிழித்தோம். அதுவும் இல்லை.

"அக்கா, மாடு சுருட்டுக் குடிச்சாத்தான் பத்தும்போல!" என்று ஒருவன் கத்தினான். சிரிப்பு அடங்கவே இல்லை.

அக்கா அசரவில்லை. "மொத மூச்சு பத்தாதுன்னு வெலிமடைக்கார அக்கா சொல்லியிருக்கு. அத வெளிய விட்டுருவோம். நீ போயி அதுவரைக்கும் ஒன் சுருட்டப் பத்தவைடா."

நான்காம் நாள் பற்றியது. அந்த நெருப்பில் போட்ட முதல் தேத்தண்ணீரைக் கத்தியவனுக்குத்தான் கொடுத்தார்.

ஒரு வீட்டுக்குச் சாணி போதும். அக்காவுக்கு ஒரு வீடு போதவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணும் புகையில் ஊதுவதைப் பார்த்துக்கொண்டு தான் மட்டும் நீல நெருப்பில் சமைக்க அவரால் முடியவில்லை. பழக்கழிவு போட்டால் வாயு கூடும் என்று கேள்விப்பட்டார். பதுளை டவுனில் பழக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவரிடம், நாங்கள் நானா என்று கூப்பிடுபவரிடம், என்னை அனுப்பினார். பிறகு தானே என்னோடு வந்தார். நானா அழுகிய பப்பாசியையும் கறுத்த வாழைப்பழத்தையும் வாளியில் ஒதுக்கி வைப்பார். அக்கா அதைச் சும்மா வாங்கிக்கொண்டு போகமாட்டார். கடை வாசலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார்.

"அன்னாசி இம்புட்டு வேணாம் நானா. குழிக்கு வயிறு எரியும். தோடம்பழத் தோலு, புளிப்பு, ஒண்ணுகூட ஆகாது. தேசிக்காய எடுங்க, எடுங்க."

"எங்கட வீட்டு மனுசிக்கிக்கூட நான் இப்பிடிப் பாத்துப் பாத்துக் குடுக்கல்ல தங்கச்சி" என்பார் நானா. "அதுதான் அவ என்னோட பேசுறல்ல."

நானாவும் நாங்களும் எலுமிச்சம்பழத்தைத் தேசிக்காய் என்றுதான் சொல்வோம். சாமிக்குச் சாத்தினால் மட்டும் அது எங்களுக்கு எலுமிச்சம்பழம் ஆகிவிடும். இந்த வித்தியாசத்தை ஏன் சொல்கிறேன் என்று பிறகு தெரியும்.

குழியை அக்கா மாட்டைப்போலவே வளர்த்தார். பழத்தைக் கைக்குழந்தைக்கு நறுக்குவதுபோல் பொடியாக நறுக்குவார். இரண்டு வாளிச் சாணிக்கு ஒரு வாளிப் பழம், அதற்குமேல் விடமாட்டார். குழியின் வாயில் மூக்கை வைத்துப் பார்த்து, "இன்னைக்குப் புளிச்ச ஏப்பம் விடுது, பழத்த நிப்பாட்டு" என்பார். இரண்டு நாள் சாணி மட்டும் போட்டால் சரியாகிவிடும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கின்றன, அவைதான் சாணியையும் பழத்தையும் தின்று காற்றாக்குகின்றன, புளிப்பு ஏறினால் அவை செத்துவிடும் என்று பண்டாரவளையில் ஒருநாள் வகுப்பில் கேட்டுவந்திருந்தார். தன் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் அவற்றைப் பற்றிப் பேசுவார்.

நாலு வீட்டுக்குக் குழாய் போனது. பிறகு பிள்ளைக்காம்பராவுக்கும் போனது. அங்கே ஆயா குழந்தைகளுக்குப் பால் காய்ச்சும் அடுப்பு அக்காவின் குழியில் எரிந்தது. நாடே சிலிண்டருக்கு வரிசையில் நின்ற அந்தக் காலத்தில், டவுனில் பெரிய வீடுகளில் எல்லாம் முற்றத்தில் கல் வைத்துச் சமைத்தபோது, எங்கள் லயத்தில் நாலு வீட்டில் நீல நெருப்பு. கீழ் லயத்திலிருந்து பெண்கள் சட்டியோடு வந்து வரிசையில் நிற்பார்கள். அக்கா அந்த வரிசைக்கு வைத்த பெயர் 'கொமரி வரிசை'. ஐம்பது வயதுக்காரி நின்றாலும், "வாடி கொமரி, ஒன் சோத்த மொதல்ல வையி" என்பார். என் வாழ்நாளில் எங்கள் லயம் அவ்வளவு சிரித்தது அந்தக் கஷ்டகாலத்தில்தான்.

அந்த வருடம் கோயில் தலைவரே வீடு தேடி வந்தார். "அம்மனுக்கு வைக்கிற மொதப் பொங்கல இந்த வருசம் ஒன் நெருப்புல வைப்போம் தங்கச்சி. பசுஞ்சாணியில வந்த நெருப்பு. இதவிடச் சுத்தம் வேற என்னா இருக்கு?" அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. கோயில் குழிக்குக் கீழேதான் இருக்கிறது. குழாயை நீட்டினோம். அக்கா குளித்து, ஈரத் தலையோடு பொங்கல் வைத்தார். கைம்பெண் வைக்கலாமா என்று முணுமுணுத்த இரண்டு பேரைத் தலைவரே அடக்கினார். இதையும் எழுதத்தான் வேண்டும். அன்று அவர் நல்லதுதான் செய்தார். மூன்று திருவிழா அப்படி நடந்தது. அக்காவின் முகத்தில் மச்சான் இறந்த பிறகு அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்தது அந்த மூன்று நாட்களில்தான்.

நான்காவது திருவிழாவில், தேருக்கு மறுநாள், மஞ்சள் நீராட்டு நடந்தது. எல்லாம் முடிந்தபோது கோயில் வாசலில் பீப்பாய்களில் மஞ்சள் தண்ணீர் மிஞ்சிக் கிடந்தது. அம்மனுக்குச் சாத்திய எலுமிச்ச மாலைகளும், விளக்கேற்றிய எலுமிச்ச மூடிகளும் மூன்று கூடை. வழக்கமாக ஆற்றில் விடுவார்கள். அந்த வருடம் தலைவர் என்னைக் கூப்பிட்டார். "சாமி பொருளு ரோட்டுல மிதிபடக் கூடாதுப்பா. அக்கா குழியில கொண்டுபோய்ப் போடு. அம்மன் பொருளு போனா கேஸும் பெருகும்."

கூடைகளை ஏற்றியது என் ஓட்டோவில். குழியில் கொட்டியது என் கை. மஞ்சள் பீப்பாய்களை உருட்டிவந்து ஊற்றியது கோயில் இளைஞர்கள். அக்கா அப்போது கோயிலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். ஒரு தேசிக்காய்த் தோலைக்கூட அவர் குழியில் போடவிட மாட்டார் என்று எனக்குத் தெரியும். நூறு முறை கேட்டிருக்கிறேன். ஆனால் இது தேசிக்காய் இல்லை, அம்மன் கழுத்தில் கிடந்த எலுமிச்சம்பழம் என்று நினைத்தேன். சாமிக்குச் சாத்தியது கெடுக்குமா என்று நினைத்தேன். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சந்தோசப்படுவார் என்றுதான் நம்பினேன். இந்த மடத்தனம் என்னுடையது. அதை இங்கே என் பெயரில் எழுதி வைக்கிறேன்.

எட்டாம் நாள் பூசைக்கு மறுபடியும் பொங்கல் வைத்தார். பால் பொங்கவில்லை. நெருப்பு சிறுத்தது, படபடத்தது, அணைந்தது. அக்கா குழாயைத் தட்டிப் பார்த்தார், குழிக்கு ஓடினார். கோயிலே பார்த்துக்கொண்டிருந்தது. யாரோ, "அபசகுனம்" என்றார்கள். அப்போது தலைவர் மைக்கை எடுத்தார்.

"எங்கெங்கயோ கடையில அழுகினது, கண்டவங்க கடிச்சிப் போட்ட எச்சிலு, எல்லாம் அந்தக் குழியில போகுது. அந்த நெருப்பு வேணாம்னு அம்மனே அணைச்சிட்டா. இனிமே விறகுதான்."

'எச்சில்' என்ற அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. அந்த வாரத்திலேயே நாலு வீட்டுக் குழாயும் கழற்றப்பட்டது. பிள்ளைக்காம்பராவில் ஆயா அழுதுகொண்டே கழற்றினார். தாய்மார் கேட்கிறார்கள், நான் என்ன செய்ய என்றார். நானா கடைப் பழத்தைப் பற்றியும் அசிங்கமாகப் பேசினார்கள். நானா காதுக்கும் அது போனது.  ஆனாலும் அவர் வாளியை வழக்கம்போல் ஒதுக்கி வைத்தார்.

நான் அக்காவிடம் போய் உண்மையைச் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அக்கா குழியின் வாயில் மூக்கை வைத்துப் பார்த்தார். "பாவம்டா, உள்ள இருக்குறதுக" என்றார். அவ்வளவுதான். பிறகு பழத்தை நிறுத்தி, பாதியை வெளியே வாரி, சுண்ணாம்பு கரைத்து ஊற்றி, மூன்று மாட்டுப் பசுஞ்சாணியை நாள்தோறும் ஊட்டி, ஒன்றரை மாதத்தில் குழியை உயிர்ப்பித்தார். நெருப்பு முன்போலவே நீலமாக எரிந்தது. ஒருவரும் வரவில்லை.

நானும் அக்காவும் தலைவர் வீட்டுக்குப் போனோம். அங்கே நடந்த பேச்சு இது.

"தலைவரே, எலுமிச்சம்பழமும் மஞ்சளும் விழுந்ததாலதான் அன்னைக்கு அணைஞ்சிச்சு. உள்ள இருக்குற உசுரு செத்துப் போச்சு. இப்ப நல்லா எரியிது. நீங்களே வந்து பாருங்க."

"அப்ப அம்மன் மஞ்சளு கெட்டதுன்னு சொல்ல வர்றியா?"

"ஐயோ, இல்லைங்க. மஞ்சளு நல்லதுதாங்க. காயத்துல வச்சா புழு செத்துப் போகுதுல்ல? இந்தக் குழிக்கு அந்தப் புழுதாங்க வேணும்."

தலைவர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நீ சொல்றது எனக்கு வெளங்குது தங்கச்சி. ஆனா மைக்ல சொன்னத ஒடனே மாத்துனா சனம் சிரிக்கும்ல? அடுத்த திருவிழாவுல நானே சொல்றேன்."

அக்கா நம்பினார். நான் ஊரெல்லாம் சொல்லப் போனேன், தடுத்துவிட்டார். "நீ சொன்னா மஞ்சளக் கொற சொல்றோம்னு ஆகிரும். அவரு சொன்னாத்தான் எடுபடும். அவருதான் சொல்றேன்னுட்டாருல்ல?" அடுத்த திருவிழா வந்தது. தலைவர் மின்விளக்கு அலங்காரத்தைப் பற்றிப் பேசினார். அதற்கடுத்த திருவிழாவில் புதிய மணிக்கூண்டைப் பற்றிப் பேசினார்.

அந்த நாட்களில் அக்காவின் குழியில் வாயு மிஞ்சியது. அதைச் சும்மா வெளியே விட அவருக்கு மனம் வரவில்லை. மழை நாளில் மலையிலிருந்து நனைந்து இறங்கும் பெண்களுக்காகப் பெரிய அண்டாவில் வெந்நீர் காய்ச்சிப் பாதையோரம் வைத்தார். சோற்றுக்கு ஆகாத நெருப்பு, கால் கழுவ ஆகும் என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள். அக்கா அதற்கும், "சூடு போதுமாடி கொமரி?" என்று கேட்டார். எனக்கு வயிறு எரிந்தது. அவருக்கு எரியவில்லை.

நெஞ்சு முன்பே கெட்டிருந்தது. சின்ன வயதிலிருந்து குடித்த விறகுப் புகைதான் காரணம் என்று பதுளை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கடைசி முறை வார்டில் இருந்தபோது திருவிழா நடந்துகொண்டிருந்தது. போய்விட்டு வந்த என்னிடம் மூச்சு வாங்கக் கேட்டார்: "இந்த வருசம் மைக்ல ஏதும் சொன்னாராடா?"

"இல்லக்கா."

"பேச வேற நெறைய இருந்திருக்கும்" என்றார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மூன்றாம் நாள் அக்கா போய்விட்டார்.

அக்காவை மேட்டிலிருந்து தோளில் இறக்கிய லயத்துப் பிள்ளைகளுக்கும், கடையைப் பூட்டிவிட்டு வந்து சுடலைவரை நடந்த பழக்கடை நானாவுக்கும், மூன்று பஸ் மாறி வெலிமடையிலிருந்து வந்து தமிழும் சிங்களமுமாக அழுத அந்தச் சகோதரிக்கும், காரிய நாட்களில் எங்கள் வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்ட பிள்ளைக்காம்பரா ஆயாவுக்கும் நாங்கள் கடமைப்பட்டவர்கள். வார்டில் அக்காவின் தலையை நிமிர்த்திப் பிடித்துத் தண்ணீர் கொடுத்த தாதிக்கும் எங்கள் நன்றி. பெயர் விடுபட்டவர்கள் மன்னிக்க வேண்டும். உங்கள் கை எங்களுக்கு ஞாபகம் இருக்கிறது.

குழியை இப்போது அக்காவின் மகள் பார்க்கிறாள். பிள்ளைக்காம்பராவுக்குக் குழாய் திரும்பக் கொடுக்க அவள் தயார். ஆயாவும் தயார். தாய்மார்தான், "கோயில்ல அப்படிச் சொல்லியிருக்காங்களே" என்று தயங்குகிறார்கள். அதனால் இன்றைக்கும் அந்த அறையில் ஈர விறகு புகைகிறது. அக்காவைப்போல அந்தக் குழந்தைகளும் புகையைக் குடிக்கிறார்கள்.

தலைவரே, இந்த மலருக்கு நீங்கள் படத்தோடு அனுப்பிய அஞ்சலிச் செய்தி எங்களுக்குக் கிடைத்தது. 'அம்மனின் உண்மையான பக்தை' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நாங்கள் அச்சிடவில்லை. அம்மன் யாருடைய நெருப்பை வேண்டாமென்று அணைத்தாளோ அவர் எப்படி அம்மனின் பக்தை ஆனார் என்று நீங்கள் விளக்கவில்லை.

ஆண்டுத் திதிச் சாப்பாட்டுக்கு நீங்கள் வந்திருப்பீர்கள். இந்த மலர் உங்கள் கையிலும் இருக்கும். உறவினர்கள், நண்பர்கள், பிள்ளைகளின் தாய்மார் எல்லாரும் இருப்பார்கள். மைக்கும் இருக்கும். எலுமிச்சம்பழத்தையும் மஞ்சள் தண்ணீரையும் குழியில் போடச் சொன்னது யார்? காரணம் விளங்கிய பிறகும் எச்சில் என்ற சொல்லை அக்காவின் மேல் விட்டு வைத்தது எதற்கு? கொட்டியவன் நான் என்று என் பங்கை எழுதிவிட்டேன். உங்கள் பங்கை நீங்கள் சொல்லுங்கள். எங்களிடம் பேசிய தாழ்ந்த குரலில் வேண்டாம், அன்று கோயிலில் பேசிய சத்தத்தில், எல்லாருக்கும் கேட்கச் சொல்லுங்கள்.